கோவளத்துக் கரையில் நாமும் அவர்களும்



பெருநாள் கழிந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எங்கள் மேலப்பாளையத்துத் தெருமுனைகளில் வேன்கள் வரிசையாக வந்து நிற்பதை நீங்கள் காணலாம். குடும்பத்தோடு செல்வோர் குற்றாலத்துக்கும், பாபநாசத்துக்கும், மணிமுத்தாறு அணைக்கும் செல்வர். வாலிபர்கள் மட்டும் ஏறிக்கொள்ளும் வேன் எங்கே போகிறதென்று கேட்டால், "கன்னியாகுமரிக்கு, ஹஜ்ரத்" என்று பதில் வரும். வேன் கன்னியாகுமரிக்குப் போவது உண்மைதான். ஆனால் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று கேரளத்துக்குள் நுழைந்து, பாலராமபுரத்தில் இடப்பக்கம் திரும்பி, விழிஞத்தைத் தாண்டிக் கோவளத்தில் போய்த்தான் நிற்கும். நெல்லையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். இந்த வழியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அப்படிப்பட்ட வேன் ஒன்றில் நானும் ஏறியிருக்கிறேன்.

அது 2000ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். நான் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த காலம். பதினான்கு பேர் சென்றோம். சவூதியிலிருந்து வந்திருந்த நண்பன் ஒருவனுடைய காக்காவிடம் இரவல் வாங்கிய கேமரா ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் முப்பத்தாறு படங்கள் எடுக்கலாம். கலங்கரை விளக்கத்தின் அடியிலுள்ள கடற்கரையில் இறங்கியபோது, நாங்கள் கேள்விப்பட்டிருந்தது அத்தனையும் மெய்யென்று கண்டோம். மணலெங்கும் வெள்ளைக்காரர்கள் படுத்திருந்தார்கள். ஆண்களும் பெண்களும் அற்ப ஆடைகளோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நம் ஊரில் வெயிலுக்கு ஒதுங்கத்தான் இடம் தேடுவோம். வெயிலைத் தேடி ஆறாயிரம் மைல் வருகிற மனிதர்களை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதுவதே நியாயம். சட்டை, பேண்ட், காலணி எதையும் கழற்றாமல் கூட்டமாக மணலில் மேலும் கீழும் நடந்தோம். கடலைப் பார்ப்பதுபோல் நின்று கடலல்லாததைப் பார்த்தோம். எங்களில் ஒருவன் படுத்துக்கொண்டு புத்தகம் வாசித்த பெண்ணொருத்தியைப் படமெடுத்தான். அடுத்தவன் அவள் பின்னணியில் தெரியுமாறு தன்னை எடுக்கச் சொல்லி நின்றான். அந்தப் பெண் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தோம். அவளோ ஒரு சொல்லும் பேசவில்லை. பையிலிருந்து தன்னுடைய கேமராவை எடுத்து, எங்களை நோக்கி நடந்து வந்து, பதினான்கு பேரையும் நிதானமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போய்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில் வாய் பிளந்தபடி நான் இன்றும் இருக்கக்கூடும். "இந்தியாவில் கண்ட காட்சிகள்" என்று அதன் கீழே அவள் எழுதியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

இரவு வீடு திரும்பியபோது உம்மா விழித்திருந்தார்கள். ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்குப் போன ஒரே ஒரு முறைதான் அவர்கள் கடலைப் பார்த்தது. "கடல் எப்படி வாப்பா இருந்துச்சு? நம்ம ஆத்தங்கரை மாதிரியா, பெரிசா?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே அலை உயரமா, தாழ்வா, நீர் பச்சையா, நீலமா, மணல் கறுப்பா, வெளுப்பா, எதுவுமே என் கண்ணில் பதிந்திருக்கவில்லை. "நல்லாருந்துச்சு உம்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இனி கோவளத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். (நம் கரையில் கோவளம் என்ற பெயரில் மூன்று ஊர்கள் உண்டு. சென்னைக்குத் தெற்கே தமீமுல் அன்சாரி தர்கா உள்ள கோவளம் ஒன்று, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் மீனவர் வாழும் கோவளம் ஒன்று. நான் சொல்வது திருவனந்தபுரத்துக் கோவளம்.) 1930களில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தினர் இங்கே குன்றின்மேல் ஹால்சியன் மாளிகையைக் கட்டினர். அவர்களுடைய விருந்தினராக வந்த ஐரோப்பியர் கடலில் குளித்துச் சென்றனர். அவ்வளவுதான் தொடக்கம். மற்றபடி இது வலை உலர்த்தும் கரையாகவே இருந்தது. 1960களின் இறுதியிலும் 1970களிலும் தலைமுடி வளர்த்த ஹிப்பிகள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வந்து, கோவா, கோவளம் என்று கரைதோறும் தங்கினார்கள். மீனவர் குடிசைகளே அவர்களுக்கு விடுதிகளாயின. 1979இல் ஈரானில் புரட்சி ஏற்பட்டதோடும், அவ்வாண்டு இறுதியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததோடும் அந்தத் தரைவழி அடைபட்டது. ஆனால் அதற்குள் இந்திய அரசின் சுற்றுலாக் கழகம், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியாவின் திட்டப்படி குன்றின் சரிவில் பெரிய விடுதியொன்றை எழுப்பிவிட்டிருந்தது. சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் கலங்கரை விளக்கமும் 1972இல் ஏற்றப்பட்டதுதான். பிறகு ஐரோப்பாவிலிருந்து தனி விமானங்களில் கூட்டங்கூட்டமாக வரத் தொடங்கினர். நான் போன 2000ஆம் ஆண்டு அந்தப் பெருவெள்ளத்தின் காலம்.

மூன்று பிறைகள்போல் வளைந்து கிடக்கும் அந்தக் கரைகளில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? ஹவ்வா கடற்கரை. ஆம், நம் அன்னை ஹவ்வா (அலை) அவர்களின் பெயர்தான். ஆடையைப் பறிகொடுத்துச் சொர்க்கத்து இலைகளால் தம்மை மூடிக்கொண்ட அன்னையின் பெயரை, ஆடை துறப்பதற்கென்றே வருகிற கரைக்கு வைத்தவர் யாரோ! அவர் குறும்பராயிருக்க வேண்டும். அல்லது வேதங்களை நன்கு படித்தவராயிருக்க வேண்டும்.

ஆனால் நேயர்களே, வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒன்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அந்நியர் நம் கரைக்கு வருவது புதிதன்று. நம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் கொற்கை இருந்தது. முத்தெடுக்கும் துறையாகக் கிரேக்க, ரோமானிய நாடுகள்வரை அது அறியப்பட்டிருந்தது. ஆறு கொணர்ந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கவே, துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. இன்று கொற்கை கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலங்கள் அங்கே தங்குவதை எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் காயலிலும் இக்கரையின் பிற துறைகளிலும் இறங்கியதாகக் கணக்குச் சொல்கிறார். மார்க்கோ போலோவின் காயல் பழைய காயலே என்று இடையன்குடி கால்டுவெல் அங்கே மண்ணைத் தோண்டி ஆராய்ந்து முடிவு கூறினார்.

அந்த மார்க்கோ போலோ நம்மைப் பற்றி வியந்து எழுதியவற்றுள் ஒன்று எது? இந்த நாட்டில் தையற்காரனே கிடையாது, ஏனென்றால் எல்லாரும் ஏறக்குறைய ஆடையின்றியே திரிகிறார்கள், அரசனும் இடையில் ஒரு துணியும் மேனியில் மணிகளுமாகவே இருக்கிறான் என்பதுதான்! மேலை நாட்டான் நம் வெற்றுடம்பைக் கண்டு வாய் பிளந்தான். எழுநூறு ஆண்டு கழித்து அவன் பேத்தியின் வெற்றுடம்பைக் கண்டு நாம் வாய் பிளந்தோம். இப்னு பதூதாவும் இதற்கு விலக்கல்லர். 1343ஆம் ஆண்டையொட்டி மாலத்தீவில் காழியாக இருந்தபோது, அங்கத்துப் பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடையணியாதிருப்பதைக் கண்டு மனம் பொறாமல், அதை மாற்ற எவ்வளவோ முயன்றதாகவும், தம்மால் இயலவில்லை என்றும், தம் முன்னிலையில் வழக்குக்கு வரும் பெண்களை மட்டும் போர்த்திக்கொண்டு வரச் செய்ய முடிந்தது என்றும் அவரே பதிவு செய்துள்ளார். தோல்வியை மறைக்காமல் எழுதிய அவருடைய நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மார்க்கோ போலோ உடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. முத்துக் குளிப்போர் எப்படி மூழ்குகிறார்கள், சுறாக்களைக் கட்டும் மந்திரத்துக்கு எத்தனை பங்கு கூலி, வெற்றிலையை எப்படி மெல்லுகிறார்கள், வாங்கும் குதிரைகள் ஏன் பராமரிப்புத் தெரியாமல் மடிகின்றன என்பதுவரை கேட்டறிந்திருக்கிறார். நாங்கள் பதினான்கு பேரும் கோவளத்தில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும் கட்டளை பற்றிப் பள்ளிவாசல் மேடைகளில் நாம் நிறையப் பேசுகிறோம். பெரும்பாலும் அதைப் பெண்களுடைய ஆடையில் தொடங்கிப் பெண்களுடைய ஆடையில் முடித்துவிடுகிறோம். அந்நூர் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். முப்பதாம் வசனத்தில் கட்டளை ஆண்களுக்கே முதலில் வருகிறது. பெண்களுக்கானது அதற்கடுத்த வசனம். எதிரில் நிற்பவள் முஸ்லிமா, அந்நியளா, எவ்வளவு ஆடை அணிந்திருக்கிறாள் என்ற நிபந்தனை ஏதும் அந்த முதற் கட்டளையில் இல்லை. மதரஸாவில் பிள்ளைகளுக்கு இதை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கேமரா என்னை நோக்கி உயர்வது போலிருக்கும். அவர்களிடம் இதை நான் சொன்னதில்லை. இப்பொழுதுதான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பெருநாளின்போது என்னிடம் ஓதிய பழைய மாணவர்கள் சிலர் வந்து, "ஹஜ்ரத், இந்தத் தடவ நீங்களும் வாங்க" என்றார்கள். எங்கே என்று கேட்டேன். ஒருவன் தரையைப் பார்த்தான். மற்றவன், "கோவளம்தான் ஹஜ்ரத், உங்ககிட்ட என்ன மறைக்க" என்றான். இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, என் மகனையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன்.

கோவளம் மாறியிருக்கிறது. வெள்ளைக்காரர் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்திருந்தவர்களும் வயது முதிர்ந்தவர்கள். ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். இளையவர்கள் பலர் வடக்கே வர்க்கலைக்குப் போய்விடுகிறார்களாம். கரை நிறைய நம்மவர்களே இருந்தார்கள். ஆனால் பழைய பார்வை மட்டும் மாறவில்லை. அன்று ஒரு கேமரா. இன்று ஆளுக்கொரு செல்போன். ஆங்கிலேயக் கிழவி ஒருத்தி கடலில் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது, அவளோடு செல்பி எடுக்க ஆறு பேர் முண்டியடித்தார்கள். மும்முறை சிரித்தாள். நான்காம் முறை குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 2018இல் சிகிச்சைக்கென்று கேரளம் வந்த லாட்வியா நாட்டுப் பெண்ணொருத்தி இந்தக் கரைக்கருகில்தான் கொலையுண்டாள். 2022இல் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் தனியே நிற்கும் பெண்ணை ஆறு பேராகச் சூழமாட்டார்கள்.

கரையோரத்தில் கைத்தறித் துணியும் சங்குமாலையும் விற்கும் கடைக்காரர் ஒருவர் எங்களுடைய தொப்பியைப் பார்த்து ஸலாம் சொன்னார். விழிஞத்துக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். ஜெர்மனும் ரஷ்யமும் வியாபாரத்துக்குப் போதுமான அளவு தெரியுமாம். அவருடைய பாட்டனார் இந்த மணலில்தான் மீன் காயவைத்தாராம். "இப்போ உங்க வீட்டுப் பெண்கள் இங்கே வருவார்களா?" என்று கேட்டேன். "எங்க வீட்டுக்கு இங்கேருந்து நடக்கிற தூரம்தான் உஸ்தாதே. என் மகள் காலேஜ் படிக்குறா. இந்தக் கரைய அவ பஸ்ஸிலேருந்துதான் கண்டிருக்கா" என்றார். வெள்ளைக்காரரைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. பேரம் பேசுவார்கள், ஆனால் சொன்ன விலையைக் கொடுப்பார்கள், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள், மறு ஆண்டு வந்து பிள்ளைகளை விசாரிப்பார்கள் என்றார். "உள்ளூர்க்காரங்களைக் கண்டுதான் பெண்கள அனுப்ப பேடி" என்று சொல்லிவிட்டு, என்னுடன் வந்த வாலிபர்களைப் பார்த்து, சொன்னது போதுமென்று நிறுத்திக்கொண்டார். பேடி என்றால் மலையாளத்தில் அச்சம்.

விழிஞத்துக்குத் தனிக் கதை உண்டு. ஆய் மன்னர்களின் துறை அது. பாண்டியர் அதைத் தாக்கி வென்றதைச் செப்பேடுகள் கூறுகின்றன. ஒரு பக்கம் பள்ளிவாசலும் மறுபக்கம் மாதா கோயிலுமாக இரு சமுதாய மீனவரும் ஒரே துறையைப் பகிர்ந்து வாழ்கிறார்கள். சுற்றுலா அவர்களுடைய கரையின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டது. இப்போது பெருந்துறைமுகம் இன்னொரு பகுதியை வாங்கிக்கொண்டிருக்கிறது. 2022இல் கரை அரிக்கப்படுவதாகக் கூறி மீனவர்கள் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. கோவளத்து மணலில் நின்றால் அதன் பாரந்தூக்கிகள் வானத்தில் தெரிகின்றன. காயலுக்குக் குதிரைக் கப்பல் வந்ததுபோல் இங்கே பெட்டகக் கப்பல் வருகிறது.

என் மாணவர்களுக்கு இவையெல்லாம் சொன்னேன். பாதிபேர் கேட்டார்கள். மீதிபேர் கடலில் இறங்கிவிட்டார்கள். இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் தாமிரபரணியில் நீந்திப் பழகியவர்கள். ஆற்றில் நீந்துகிறவனுக்குக் கடலில் துணிச்சல் கூடுதல், அதுவே ஆபத்து. ஆறு ஒரு திசையில் இழுக்கும். கோவளத்திலோ, அலை கரைக்கு வரும்போதே அதன் அடியாகவும் இடையாகவும் வேறொரு நீரோட்டம் ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். அலையில்லாமல் அமைதியாகத் தோன்றும் இடமே பல சமயம் அந்த ஓட்டத்தின் பாதை. அதில் சிக்கியவன் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இறங்கவே கூடாது. செங்கொடி நட்டிருந்தால் எந்த மாதமானாலும் கூடாது. உயிர்காப்பாளர்கள் ஊதும் விசில் விளையாட்டுக்கன்று. வெள்ளைக்காரர்கள் அந்த விசிலுக்குப் பணிந்து கரையேறுவதையும், நம்மவர்கள் அதற்குக் கைதட்டிக் கூச்சலிடுவதையும் ஒருசேரக் கண்டேன்.

இதே கேள்வி நம்மினும் கடுமையாக எழும் இடமொன்று கடலுக்கப்பால் இருக்கிறது. இலங்கையின் கீழ்க்கரையில், அம்பாறை மாவட்டத்துப் பொத்துவிலை அடுத்த அறுகம்பை. அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் முஸ்லிம்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கெழும் அலைகளில் பலகைமீது நின்று சறுக்குவதற்காக உலகெங்குமிருந்து வாலிபர்கள் வருகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அந்த ஊரைத் துடைத்தெடுத்தது. அதன்பின் கீழ்க்கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் மறுபடி வீடு கட்டக் கூடாதென்று அரசு தடுத்தது. சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்குக் கிடைத்தது. மீன்பிடித்து வாழ்ந்தவன் கடலுக்கு ஆபத்தானவனா, விடுதி வைத்திருப்பவன் கடலுக்கு உறவினனா என்று மக்கள் கேட்டார்கள். விதி பிறகு தளர்த்தப்பட்டது. அண்மைக் காலத்தில் அங்கு வருவோரில் இஸ்ரேலியர் மிகுந்தனர். 2024 அக்டோபரில் தாக்குதல் நிகழக்கூடுமென்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுக்க, அந்தச் சிற்றூர் ஒரே நாளில் காவல் படைகளால் நிறைந்தது. பயணிகள் வெளியேற, அவர்களை நம்பியிருந்த ஆட்டோக்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் நட்டாற்றில் நின்றார்கள்.

ஹஜ்ஜின்போது மினாவில் எங்கள் கூடாரத்துக்கு அடுத்த கூடாரத்தில் பொத்துவில் பெரியவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரிடம் அறுகம்பையைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, கடலும் எங்கட, பள்ளியும் எங்கட. நடுவில இருக்கிற ரோட்டு மட்டும் எங்கடயில்ல" என்றார். வெளிநாட்டாரை விரட்டிவிடலாம் என்கிறீர்களா என்றேன். "அவங்க வந்துதான் என்ட மகன் வீடு கட்டினான்" என்று சிரித்தார்.

மாலத்தீவு இந்தச் சிக்கலுக்கு வேறு விடை கண்டது. நம் தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றிச் செல்லும் நாடல்லவா அது! 1972இல் முதல் விடுதி தொடங்கியபோதே, மக்கள் வாழாத தீவுகளைப் பயணிகளுக்கென்று ஒதுக்கினார்கள். மது அங்கே உண்டு, மக்கள் வாழும் தீவில் இல்லை. ஏறக்குறைய நாற்பதாண்டுக்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் தங்கும் மனைகளுக்கு அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் வெளிநாட்டார் குளிக்கத் தனிக் கரை குறித்து, மறைப்பு வைத்திருக்கிறார்கள். தென்னோலை வேலியொன்று இரு நாகரிகங்களுக்கு நடுவே நிற்கிறது. இப்னு பதூதா கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! எனக்கு அந்த வேலி முழு மனநிறைவைத் தரவில்லை. ஆனாலும் அங்கே உள்ளூர்ப் பெண்ணுக்கென்று ஒரு கரை மிஞ்சியிருக்கிறது. விழிஞத்துக் கடைக்காரரின் மகளுக்கு அதுவும் இல்லை.

அன்று மாலை கோவளத்தின் ஒரு முனையில் மீனவர்கள் கரமடி இழுத்தார்கள். நம் பக்கம் கரைவலை என்பார்களே, அதுதான். வள்ளத்தில் வலையைக் கடலுக்குள் வளைத்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, இருபுறமும் கயிற்றைப் பற்றிக் கரையிலிருந்து பாட்டோடு இழுப்பது. ஆள் பற்றவில்லை போலும். ஒருவர் எங்களை நோக்கிக் கையசைத்தார். என் மகன் முதலில் போனான். பிறகு அத்தனை வாலிபர்களும் போய்க் கயிற்றைப் பற்றினார்கள். மறுபுறக் கயிற்றில் இரண்டு வெள்ளைக்காரர்கள். அரை மணி நேரத்துக்கு எவரும் எவரையும் பார்க்கவில்லை. வலையில் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் நெத்தலி, கொஞ்சம் சாளை, நிறைய பிளாஸ்டிக் பைகள். கூலியாக ஒரு கை மீன் கொடுத்தார்கள். விழிஞத்துப் பள்ளியில் மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பினோம்.

வீட்டில் என் மனைவி கேட்டாள், "கடல் எப்படி இருந்துச்சு?" இம்முறை சொல்ல முடிந்தது. மணல் சில இடங்களில் கரிப்பொடி தூவியதுபோல் கறுத்துக் கிடக்கிறது, பாறைக்குப் பக்கத்தில் நீர் பச்சை, வெளியே கருநீலம், அலை குமரியைவிட நீளமாக வந்து விழுகிறது என்றேன். கேட்டுவிட்டு, "எல்லாம் நீங்க பார்த்து வந்து சொல்லியே நாங்க கடல் பார்க்கணுமா?" என்றாள். உம்மா வஃபாத்தாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

இந்தப் பெருநாளைக்கு ஒன்றல்ல, மூன்று வேன்கள் பேசியிருக்கிறோம். இரண்டில் உம்மாமார்களும் லாத்தாமார்களும் பிள்ளைகளும் வருகிறார்கள். வாலிபர்களில் மூவர் வரவில்லை என்று பெயரை அடித்துக்கொண்டார்கள். அவர்களை நான் வற்புறுத்தவில்லை. கரமடி காலையிலும் இழுப்பார்களாம். ஆகவே ஸுபுஹுக்கு வெகுமுன்பே புறப்பட்டு, வழியில் தக்கலையில் தொழுதுகொள்வதாக ஏற்பாடு. வேன்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டார். எத்தனை பேருக்குச் சோறு கட்டுவது என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.